சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் எந்த டிரைவர்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுவோம். பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. வாடகை புரொஜெக்டர், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்த சுண்ணாம்பு, இரண்டு பாய், ஒரு நாற்காலி. நாற்காலி சித்தப்பாவுக்கு. முதலில் வேட்டியைத்தான் திரையாகக் கட்டிப் பார்த்தோம், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று கிளம்பினால் கதாநாயகன் கன்னம் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டது, அதனால் சுவருக்கு மாறிவிட்டோம்.

இந்த மாதம் படம் தேர்ந்தெடுக்கிற முறை என்னுடையது. கொள்ளைக்காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டுகிறவனைப் பற்றிய படம் என்பது மட்டும் முதலிலேயே முடிவாகிவிட்டது, ஏனென்றால் சித்தப்பா முப்பது வருஷமாக ஆக்டிங் டிரைவர். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இதற்கும் நடிப்புக்கும் சம்பந்தமில்லை. வண்டி இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது, அப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டுச் சம்பளமும் பேட்டாவும் வாங்கிக்கொண்டு வருகிற வேலை. அடுத்தவன் வண்டி, அடுத்தவன் அவசரம், கீறல் விழுந்தால் மட்டும் நம் பொறுப்பு. யோசித்துப் பார்த்தால் இந்தப் படங்களில் வருகிற ஆட்களுக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

கையில் நான்கு படங்கள் இருந்தன. 1978-இல் வால்டர் ஹில் எடுத்த 'தி டிரைவர்', 2002-இல் வந்த 'தி டிரான்ஸ்போர்ட்டர்', 2011-இல் 'டிரைவ்', 2017-இல் 'பேபி டிரைவர்'. ஒரு வரியில் சொன்னால் நான்கும் ஒரே கதைதான்: வண்டி ஓட்டுவதோடு நிறுத்திக்கொண்ட வரை பிழைத்தான், அடுத்தவர் விஷயத்தில் தலையை நுழைத்தான், மாட்டிக்கொண்டான். அப்புறம் என்ன ஒப்பீடு என்று கேட்கலாம். ஒரே குழம்பை நாலு வீட்டில் வைத்தால் நாலு ருசி இல்லையா, அது மாதிரிதான். யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதும் சேர்ந்தது. எங்கள் மாடியில் உட்காருகிறவர்கள்: ஆங்கிலம் அவ்வளவாக ஓடாத சித்தப்பா, எட்டாவது படிக்கிற அக்கா பையன், புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பைக்கில் வருகிற மச்சான், பாதிப் படத்தில் தூங்கிவிடுகிற எதிர்வீட்டு அண்ணன். இந்தக் கூட்டத்துக்கு ஒத்துவர வேண்டும்.

முதலில் நான்கு படங்களின் முதல் பத்து நிமிஷத்தை மட்டும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். டிரைவர் படத்துக்கு இதுதான் சரியான சோதனை என்று நினைக்கிறேன். ஆள் வேகமாக ஓட்டுவான் என்பது போஸ்டரிலேயே தெரிந்துவிடும். வண்டி நகர்வதற்கு முன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் படம் எடுத்தவருக்கு இந்தத் தொழில் புரிந்திருக்கிறதா என்று தெரியும்.

'தி டிரான்ஸ்போர்ட்டர்' இந்தச் சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு தேறும். பிரான்ஸின் நீஸ் நகரம், வங்கி வாசல், கறுப்பு பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ், உள்ளே ஜேசன் ஸ்டேதம். கொள்ளையர்கள் ஓடிவந்து ஏறுகிறார்கள், நான்கு பேர். வண்டி நகரவில்லை. மூன்று பேர், மொத்த எடை 254 கிலோ, அதுதான் ஒப்பந்தம் என்கிறான். பின்னால் போலீஸ் சைரன் நெருங்குகிறது, துப்பாக்கி அவன் தலையில் இருக்கிறது, அவனோ கூடுதல் எடையை ஷாக் அப்சார்பர் தாங்காது, நிரப்பியிருக்கிற பெட்ரோல் பேசிய இடம் வரைக்கும் வராது என்று ஏதோ கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டிருக்கிறான். கடைசியில் கொள்ளைக் கூட்டத் தலைவன் தன் ஆளையே ஒருவனைச் சுட்டு வெளியே தள்ளுகிறான். எடை சரியானதும் வண்டி கிளம்புகிறது.

இது சினிமாக்காரர்களின் கற்பனை என்று நினைப்பவர்கள் எங்கள் சித்தப்பாவோடு ஒரு சவாரி போய்ப் பார்க்க வேண்டும். சில வருஷத்துக்கு முன் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து திருநள்ளாறு போகக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஏழு பேர் என்று பேச்சு. விடிகாலை நாலரை மணிக்குப் போய் நின்றால் பதினோரு பேர் பட்டுப்புடவையும் எண்ணெய்த் தூக்குமாக நிற்கிறார்கள். ‘எல்லாம் சின்னப் பசங்கதான், மடியில வச்சுக்கலாம்’ என்றார் வீட்டுக்காரர். சித்தப்பா சண்டை போடவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்தார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ‘ஏழு பேர்னு சொன்னீங்க.’ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு வண்டி வந்த பிறகுதான் எழுந்தார். பேட்டாவில் ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்கள், அது வேறு கதை. ஸ்டேதம் எடைக் கணக்கு சொல்கிற காட்சியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

அதே ஆரம்பத்தில் இன்னொரு இடமும் உண்டு. தப்பித்துப் போய் இறங்கிய பிறகு, இன்னும் கொஞ்ச தூரம் கொண்டு விடு, கூடுதலாகப் பணம் தருகிறோம் என்கிறார்கள். மாட்டேன் என்கிறான். பேசியது பேசியதுதான். பின்னால் டிவி செய்தியில் அவர்கள் பிடிபட்டது தெரிகிறது. இந்த ஒரு கால் மணி நேரத்துக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

1978 படத்தின் ஆரம்பம் இதைவிட வறட்சியானது, அதனாலேயே எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரையன் ஓ'நீல் ஒரு காரைத் திருடிக்கொண்டு போய் சூதாட்ட விடுதி வாசலில் காத்திருக்கிறான். கொள்ளையடித்தவர்கள் தாமதமாக வருகிறார்கள். துரத்தல் நடக்கிறது, லாஸ் ஏஞ்சலஸின் ராத்திரித் தெருக்கள், டயர் கிறீச்சிடுகிற சத்தம்தான் பின்னணி இசை என்று சொல்கிற அளவுக்கு. தப்பித்த பிறகு அவன் சொல்கிற குறை ஒன்றே ஒன்று: நீங்கள் லேட். இனி உங்களோடு வேலை இல்லை. அவனுக்குப் பெயர் கிடையாது. துரத்துகிற போலீஸ்காரர் புரூஸ் டெர்னுக்கும் பெயர் கிடையாது, இசபெல் அட்ஜானிக்கும் கிடையாது. டிரைவர், டிடெக்டிவ், பிளேயர், அவ்வளவுதான். வால்டர் ஹில் அதற்குப் பத்து வருஷம் முன்னால் 'புல்லிட்' படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர், கார் துரத்தல் என்றால் என்ன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அது இந்தப் படத்தில் தெரிகிறது. 91 நிமிஷம். ஒரு நிமிஷம்கூட ஊளைச்சதை இல்லை.

'டிரைவ்' ஆரம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ரையன் கோஸ்லிங் தன்னைக் கூப்பிடுகிற கொள்ளைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான், ஐந்து நிமிஷம் நான் உங்களுக்கு, அதற்கு முன்னாலோ பின்னாலோ என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை என்று. எடுத்துக்கொண்டு வருவது பளபளக்கிற ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஊரெல்லாம் ஓடுகிற சாதாரண வெள்ளி நிற ஷெவ்ரோலே இம்பாலா, எவன் கண்ணிலும் படாது. ஒரு பக்கம் போலீஸ் வயர்லெஸ், இன்னொரு பக்கம் ரேடியோவில் கூடைப்பந்து வர்ணனை. மேட்சை ஏன் கேட்கிறான் என்று நமக்குப் புரியாது. வேகமாகப் பறப்பதைவிட விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நிற்பதுதான் அதிகம், ஹெலிகாப்டர் வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்குகிறான். கடைசியில் மேட்ச் முடிந்து ஜனம் வெளியே கொட்டுகிற அதே நிமிஷத்தில் ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விடுகிறான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் கூட்டத்துக்குள் புகுந்தவனைக் கண்டுபிடித்துப் பாருங்கள், அந்த மாதிரி. நான்கு படத்திலும் சிறந்த ஆரம்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால் இதை எடுத்த நிக்கோலஸ் வைண்டிங் ரெஃப்னுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார், லைசென்ஸ் வாங்கவில்லை.

'பேபி டிரைவர்' ஆரம்பம் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. சிவப்பு சுபாரு, காதில் இயர்போன், பாட்டின் தாளத்துக்குச் சரியாக வண்டி திரும்புகிறது, வைப்பர் ஆடுகிறது, கதவு சாத்துகிறது. நெடுஞ்சாலையில் அதே மாதிரி இன்னும் இரண்டு சிவப்புக் கார்களுக்கு நடுவில் புகுந்து, மேலே இருக்கிற ஹெலிகாப்டருக்கு எது எது என்று தெரியாமல் செய்கிற வித்தை பிரமாதம். எட்கர் ரைட் பாட்டுகளை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பக் காட்சி எழுதினார். படத்தொகுப்புக்கும் ஒலிக்குமாக மூன்று ஆஸ்கர் பரிந்துரை வந்தது, நியாயமானதுதான். ஆனால் அவன் வண்டிக்குள் உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்தால் எனக்குத் தொழில்காரன் என்று தோன்றவில்லை, திறமையான பையன் என்றுதான் தோன்றுகிறது. மேலும் 113 நிமிஷம், நாலு படத்திலும் நீளம் அதிகம், வசனமும் அதிகம், அதுவும் மூச்சு விடாமல் பேசுகிற அமெரிக்கப் பேச்சு. எங்கள் மாடியில் சப்டைட்டில் சுவரின் கீழ்ப் பக்கம், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் வந்து விழும். பாதி வரி தெரியாது. சித்தப்பா ஒவ்வொரு வரிக்கும் ‘என்னடா சொல்றான்’ என்று கேட்பார், நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கார் கவிழ்ந்திருக்கும். நல்ல ஹெட்போன் வைத்திருக்கிறவர்கள் தனியாகப் பாருங்கள். இன்னொன்று, பாட்டுக்கேற்ற வெட்டு என்பது நம் ஊர் ரசிகனுக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம், அதனால் வெள்ளைக்காரர்கள் வியந்த அளவுக்கு நாம் வியக்க மாட்டோம் என்பது என் கணக்கு. அக்கா பையன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஓட்டு 'பேபி டிரைவர்' படத்துக்குத்தான்.

சரி, 'டிரைவ்' ஆரம்பம் அவ்வளவு நன்றாக இருந்தால் அதையே போட வேண்டியதுதானே? போட முடியாது. அந்த ஆரம்பத்தை நம்பி உட்காருகிறவனை அந்தப் படம் நடுவில் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு துரத்தல்தான், மீதியெல்லாம் கோஸ்லிங்கும் கேரி மல்லிகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது. அழகாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை, எதிர்வீட்டு அண்ணன் அந்த இடத்தில் குறட்டை விடுவார். அமெரிக்காவில் டிரெய்லரைப் பார்த்துக் கார் படம் என்று ஏமாந்து போனேன் என்று ஒரு பெண் வழக்கே போட்டார். அப்புறம் அந்த லிஃப்ட் காட்சி. முத்தம், அடுத்த நொடி ஒருவன் தலையைக் காலாலேயே மிதித்து நசுக்குவது. பதிமூன்று வயசுப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை, அக்காவுக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் மாடிச் சாவி கிடைக்காது. ஆக, ராத்திரி தனியாக, மனசு கொஞ்சம் கனத்திருக்கிற நாளில் பார்க்க வேண்டிய படம் அது.

மிச்சம் இரண்டு. 'தி டிரைவர்', 'தி டிரான்ஸ்போர்ட்டர்'. இங்கேதான் எனக்கு உண்மையான குழப்பம் வந்தது.

ஸ்டேதத்துக்கு மூன்று விதிகள். பேசியதை மாற்றக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது, பொட்டலத்தைத் திறந்து பார்க்கக் கூடாது. முதல் விதியைப் பற்றித்தான் திண்ணைக் கதையில் சொல்லிவிட்டேனே. இரண்டாவது விதி சித்தப்பாவுக்கும் பொருந்தும், அவர் வாழ்க்கையில் பாதிப் பேரை ‘அந்த இன்னோவாக்காரர்’, ‘அந்த சிதம்பரம் பார்ட்டி’ என்றுதான் சொல்வார். மூன்றாவது விதியைச் சொன்னபோது மட்டும் அவர் சிரித்துவிட்டார்.

நம் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு, இருபது சொச்சம் கிலோமீட்டர் தாண்டினால் கடலூர், நடுவில் மாநில எல்லை. கன்னியக்கோயில் தாண்டி, முள்ளோடை தாண்டி, ஆல்பேட்டை சோதனைச் சாவடி. இந்தச் சாலையில் பி.ஒய்.01 வண்டியிலும் டி.என்.31 வண்டியிலும் சீட்டுக்கு அடியில், கதவுக்குள், டேங்க்குக்குப் பக்கத்தில் தனி அறை செய்து பாட்டில் கடத்தி மாட்டிக்கொண்டவர்கள் படம் வராத வாரம் பேப்பரில் குறைவு. குற்றவாளிகளுக்கு டிரைவர் என்றால் ஹாலிவுட்காரர்களுக்கு பி.எம்.டபிள்யூ. நமக்கு மேலே காய்கறிக் கூடை வைத்த மினி வேன். பிடித்துவிட்டால் ஆள் ஜாமீனில் வந்துவிடுவான், வண்டி பறிமுதல், மழையிலும் வெயிலிலும் நின்று துருப்பிடித்து ஏலத்துக்குப் போகும்.

சித்தப்பாவுக்கு ஒருமுறை இது நடக்கப் பார்த்தது. புதுச்சேரியில் ஒரு வரவேற்பு முடிந்து ஒரு குடும்பத்தைக் கடலூருக்குக் கொண்டு வருகிறார். கிளம்புகிற நேரத்தில் யாரோ ஒரு உறவுக்காரர் வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பெட்டியைக் கொண்டுவந்து, மிக்ஸி, பரிசு, டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சித்தப்பாதான் தூக்கி வைத்தார். கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை. பின்னாலிருந்து ‘கிளிங்’ என்று ஒரு சத்தம். மிக்ஸி அப்படிக் கூவாது. கன்னியக்கோயிலுக்கு முன்னாலேயே ஓரங்கட்டி, பெட்டியை ரோட்டோரம் இறக்கி, சாவிமுனையால் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார். வைக்கோலுக்கு நடுவில் பாட்டில்கள், எண்ணவில்லை. குடும்பத் தலைவருக்கே தெரியாதாம், அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பெட்டியை என்ன செய்தீர்கள் என்று நாங்கள் எத்தனை முறை கேட்டும் சித்தப்பா அதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்.

‘தொறந்து பாக்காம எடுத்துட்டு வர்றவன் டிரைவர் இல்லடா தம்பி, மாட்டிக்கிறவன்.’ மூன்றாவது விதிக்கு அவருடைய விளக்கம் இது.

படமும் உண்மையில் அதைத்தான் சொல்கிறது, அதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஸ்டேதம் விதியை மீறுவது பெரிய தத்துவத்தால் இல்லை. டயர் பஞ்சர். ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறக்கிறான், பொட்டலம் அசைகிறது. உள்ளே ஒரு பெண், நடிகை ஷூ சி. தாகத்துக்கு ஜூஸ் கொடுக்கிறான், அங்கே ஆரம்பிக்கிறது வினை. ஆனால் அதற்குப் பிறகு படம் தன் தொழிலை மறந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த பி.எம்.டபிள்யூ பாதி வழியிலேயே குண்டு வெடித்துச் சிதறிப்போகிறது. அப்புறம் இது டிரைவர் படம் இல்லை, அடிதடிப் படம். இயக்குநர் கோரி யூன் ஹாங்காங்கில் சண்டைக் காட்சி அமைத்துப் பேர் வாங்கியவர், எழுதியவர்களில் ஒருவர் லுக் பெசோன். பஸ் டிப்போவில் தரையில் எண்ணெயைக் கொட்டிவிட்டு, காலில் சைக்கிள் பெடலை மாட்டிக்கொண்டு ஸ்டேதம் வழுக்காமல் நின்று மற்றவர்களை வழுக்க வைத்து அடிக்கிற சண்டை ஒன்று இருக்கிறது, அதற்கு எங்கள் மாடியில் விசில் நிச்சயம். ஸ்டேதம் பழைய டைவிங் வீரர், 1990 காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காகக் குதித்தவர், உடம்பு சொன்னபடி கேட்கிறது. கதை மட்டும் பிற்பாதியில் கேட்காது. கன்டெய்னரில் ஆள் கடத்தல், அப்பன் மகள் பகை, பாராசூட், லாரி. ஒரு கட்டத்தில் நானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

அதில் இன்ஸ்பெக்டராக வருகிற பிரான்சுவா பெர்லியாந்துக்காக மட்டும் உட்காரலாம். இவன் என்ன தொழில் செய்கிறான் என்று அவருக்குத் தெரியும், தெரியும் என்பது இவனுக்கும் தெரியும், இருவரும் காலையில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த நிதானம் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது. மச்சான் சொல்கிறான், அந்த ஆளுக்கு நம்ம ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பியை மாட்டிவிட்டால் பீச் ரோட்டில் நிறுத்திவிடலாம் என்று.

1978 படம் கடைசி வரை தொழிலை விடாது. அங்கே ஒரு காட்சி. பூமிக்கு அடியில் கார் பார்க்கிங். வேலை கொடுக்க வந்த மூன்று பேர், நீ பெரிய ஆளா, காட்டு பார்ப்போம் என்கிறார்கள். அவர்களுடைய ஆரஞ்சு நிற பென்ஸிலேயே அவர்களை உட்கார வைத்து, தூணுக்குத் தூண் உரசி ஓட்டுகிறான். முதலில் பயமுறுத்தல் மட்டும், ஒரு விரக்கடை இடைவெளியில். அப்புறம் ஒரு பம்பர் போகிறது, ஒரு கதவு போகிறது, விளக்கு போகிறது, ஒவ்வொன்றாக, கோழி உரிக்கிற மாதிரி. அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முடிந்ததும் இறங்கி, உங்களுக்கு வேலை செய்ய மாட்டேன் என்று நடந்து போகிறான். கடைசித் துரத்தலில் அவன் ஓட்டுவதோ ஒரு பிக்கப் வண்டி, எதிரி ஓட்டுவது போன்டியாக் ஃபயர்பேர்ட். வேகத்தில் ஈடே இல்லை, அதனால் ஒரு கிடங்குக்குள் நுழைந்து பொறுமையாகக் காத்திருந்து ஜெயிக்கிறான். வசனம் குறைவு என்பதால் சப்டைட்டில் பிரச்சினையும் இல்லை. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் முதல் படம், மற்ற மூன்றுமே இதனிடம் ஏதாவது கடன் வாங்கியவைதான்.

ஆனால் நான் அதைப் போடவில்லை.

காரணம் படம் இல்லை, கூட்டம். அந்தப் படத்தில் சிரிப்பு கிடையாது, யாரும் யாரையும் விரும்பக்கூட மாட்டார்கள், ராத்திரியும் தூணும் தெருவிளக்கும்தான். எங்கள் சுண்ணாம்புச் சுவரில் இருட்டான காட்சி போட்டால் பக்கத்துத் தெரு விளக்கு வெளிச்சத்தில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும், பாதிப் படம் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. இந்த ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. மாடியில் போடுகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாகப் பார்த்து எடுங்கள். 'தி டிரான்ஸ்போர்ட்டர்' முக்கால்வாசி தெற்கு பிரான்ஸின் வெயிலிலும் கடலோரத்திலும் நடக்கிறது. 92 நிமிஷத்தில் முடிந்துவிடும். பையனுக்குச் சண்டை, மச்சானுக்குப் பிரெஞ்சுப் போலீஸ், சித்தப்பாவுக்கு முதல் கால் மணி. வீட்டில் இருட்டறையும் நல்ல டிவியும் இருப்பவர்கள் தயங்காமல் 1978-க்குப் போங்கள்.

போட்டோம். 254 கிலோ வந்தபோது சித்தப்பா நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பஞ்சர் காட்சியில் ‘காத்து செக் பண்ணிட்டுக் கெளம்பியிருக்கணும்’ என்றார். மூன்றாம் பாகத்தில் இதே ஆள் ஏரிக்குள் காரோடு விழுந்து, டயர்க் காற்றைப் பிடித்துச் சுவாசிப்பான் என்று சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை, என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார். கார் வெடித்ததும் அவருக்குப் படம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டு அண்ணன் அதிசயமாகக் கடைசி வரை விழித்திருந்தார், எண்ணெய்ச் சண்டையை இரண்டு முறை போடச் சொன்னார்.

மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது போனில் 1978 படத்தின் அந்த பார்க்கிங் காட்சியை மட்டும் எடுத்து சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயைத் திறக்காமல் பார்த்தார். முதல் பம்பர் போனபோது அவர் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்தியது. கதவு பிய்ந்தபோது டீயைக் கீழே வைத்துவிட்டார்.

‘அந்த பென்ஸ் யாருது?’

‘பின்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்களோடதுதான் சித்தப்பா.’

‘அப்ப சரி’ என்று மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.